பர்மிங்காம் பட்ஜெட்டும் பள்ளிச் சமையலறைச் சம்பளமும்

2023 செப்டம்பர் 5 அன்று, கையில் இருக்கும் வருமானத்தைக் கொண்டு அந்த ஆண்டின் செலவைச் சமாளிக்க முடியாது என்று இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி சட்டப்படி அறிவித்தது. 11 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம்; 101 கவுன்சிலர்கள் கொண்ட மன்றம். ஒரு கணினி மென்பொருள் மாற்றம் படுதோல்வி அடைந்தது, மத்திய அரசின் மானியம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை ஒன்று இருந்தது. பள்ளிச் சமையற்காரர், துப்புரவுப் பணியாளர், வகுப்பறை உதவியாளர், முதியோர் பராமரிப்பாளர் போன்ற வேலைகளில் இருந்த பெண்களுக்குப் பல ஆண்டுகளாகக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தின் பாக்கிதான் அது.

சமையலறை ஊழியரின் சம்பளம் எப்படி ஒரு நகரத்தின் பட்ஜெட்டையே கவிழ்க்கும்? அதற்கு முதலில் அந்தச் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள், குறைந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. சிக்கலே அங்கேதான்.

பணம் எந்தப் பையில் இருக்கிறது

நம்மூர் மாநகராட்சியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வரும். இங்கிலாந்தில் அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். ஆணையர் கிடையாது. வென்ற கட்சியின் தலைவரும் அவருடைய அமைச்சரவை போன்ற குழுவும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். குப்பை, நூலகம், தெருவிளக்கு மட்டுமல்ல. முதியோர் பராமரிப்பு, ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பு, மாற்றுத்திறன் மாணவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வண்டி எல்லாம் 'கவுன்சில்' என்று அவர்கள் சொல்லும் மாநகராட்சியின் தலையில். நிதியாண்டு மட்டும் நம்முடையதைப் போலவே ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை.

வருமானம் மூன்று வழிகளில் வருகிறது: வீடுகளுக்கான கவுன்சில் வரி, கடைகள், அலுவலகங்கள் கட்டும் வணிக வரியில் ஒரு பங்கு, மத்திய அரசின் மானியம். கவுன்சில் வரியை இஷ்டப்படி உயர்த்த முடியாது. சாதாரண ஆண்டில் 4.99 சதவீதத்தைத் தாண்டினால் ஊர் மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தவேண்டும். அந்த வம்பை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பர்மிங்காமில் வரியை ஒரு சதவீதம் உயர்த்தினால் ஆண்டுக்குக் கிடைப்பது தோராயமாக 40 லட்சம் பவுண்டு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

பள்ளிகளுக்கான பணம் தனி மானியமாக வருகிறது. அது பூட்டிய பை. கவுன்சில் அதை எடுத்துச் சாலை போட முடியாது. மாணவர் எண்ணிக்கை போன்றவற்றை வைத்துச் சூத்திரப்படி பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆசிரியர், உதவியாளர், அலுவலக எழுத்தர் என்று மாதச் சம்பளம் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் கணக்கிலிருந்தே போகிறது. ஆகவே ஆண்டு பட்ஜெட் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து பள்ளி உதவியாளர்களின் சம்பளத்தை உயர்த்து என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த மன்றத்துக்கு அதைச் செய்யும் நேரடி வழி மிகக் குறைவு.

அப்படியானால் கவுன்சிலுக்கு என்ன பொறுப்பு? 'சமுதாயப் பள்ளி' என்ற வகையில் ஊழியரைத் தேர்ந்தெடுப்பது பள்ளியின் நிர்வாகக் குழு. ஆனால் சட்டத்தின் கண்ணில் முதலாளி கவுன்சில்தான். தேவாலயம் சார்ந்த பல பள்ளிகளில் நிர்வாகக் குழுவே முதலாளி. 'அகாடமி' வகைப் பள்ளிகளில் அவற்றை நடத்தும் அறக்கட்டளை முதலாளி. ஒரே தெருவில் இரண்டு பள்ளிகள், ஒரே வேலை, ஆனால் வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு.

சம்பளம் எங்கே நிர்ணயமாகிறது

ஆசிரியர் சம்பளத்தை, ஒரு மறுஆய்வுக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, கல்வி அமைச்சர் அறிவிக்கிறார். அது செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரும். 2024-இல் 5.5 சதவீதம், 2025-இல் 4 சதவீதம். நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. ஆக, உயர்வில் பன்னிரண்டில் ஏழு பங்குதான் அந்த நிதியாண்டில் விழும். மீதி ஐந்து பங்கு அடுத்த ஆண்டு தானாகவே ஏறி உட்காரும். புதிதாகப் பள்ளிக் கணக்குப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த ஐந்து பங்கை.

ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்குக் கவுன்சில்களின் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் தேசிய அளவில் பேசி முடிக்கிறார்கள். இந்த உயர்வு ஏப்ரல் 1 முதல் கணக்கு. ஆனால் பேச்சு முடிவதோ பல மாதம் கழித்து. 2022-க்கான ஒப்பந்தம் நவம்பர் 1 அன்றுதான் கையெழுத்தானது, 2023-க்கானதும் நவம்பர் 1, 2024-க்கானது அக்டோபரில். பட்ஜெட்டை மார்ச் தொடக்கத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும். ஆக, அந்த ஆண்டின் பெரிய செலவுகளில் ஒன்றை ஊகித்துத்தான் எழுதுகிறார்கள். 2022-இல் எல்லாப் படிநிலைக்கும் ஒரே மாதிரி 1,925 பவுண்டு கூட்டினார்கள். கடைசிப் படியில் இருந்தவருக்கு அது 10.5 சதவீத உயர்வு. மேல்படியில் 4 சதவீதம். கடைநிலை ஊழியர் அதிகம் உள்ள பள்ளிகளுக்கும் கவுன்சில்களுக்கும் பட்ஜெட் ஊகம் அங்கேயே உடைந்தது.

தாமதமாக வரும் அரியரிலும் ஒரு கண்ணி உண்டு. ஏழு மாத அரியர் ஒரே மாதத்தில் வந்தால், குறைந்த வருமானத்துக்காக அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு அந்த மாத உதவித்தொகை வெட்டப்படும். கூடுதலாக வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும். இடையில் வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே எழுதிக் கேட்டால்தான் அரியர் வரும்.

ஒரு சமையலறை உதவியாளரின் கணக்கு

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை தேசிய ஊதிய அட்டவணையின் கடைசிப் படி ஆண்டுக்கு 24,413 பவுண்டாக இருந்தது. இதை 52.143 வாரத்தாலும் 37 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 12.65 பவுண்டு. 52 என்று வகுக்கக் கூடாது. 365 நாளை ஏழால் வகுத்தால் வருவது 52.143.

விளம்பரத்தில் 24,413 என்று போட்டிருந்தார்கள். ஆனால் சமையலறை உதவியாளர் வேலை செய்வது பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும், அதுவும் பகுதி நேரம். வாரத்துக்கு 20 மணி, ஆண்டுக்கு 39 வாரம் என்று வைத்துக்கொள்வோம். பொது விடுமுறை உட்பட முழு நேர ஊழியருக்கு 31 நாள் விடுப்பு என்றால் அது 6.2 வாரம். 52.143-இலிருந்து 6.2-ஐக் கழித்தால் 45.943. 39-ஐ 52.143-ஆல் பெருக்கி 45.943-ஆல் வகுத்தால், சம்பளம் தர வேண்டிய வாரங்கள் 44.26. இப்போது 20 × 12.65 × 44.26 = ஏறத்தாழ 11,198 பவுண்டு. பன்னிரண்டு மாதமாகப் பிரித்தால் மாதம் 933. ஆகஸ்டிலும் அதே 933 வரும் என்பதால் கோடை விடுமுறைக்கும் சம்பளம் தருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 39 வார உழைப்பையும் அதற்குரிய விடுப்பையும் பன்னிரண்டாகப் பரத்திக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் வழக்கமாக நேரும் பிழை, ஐந்தாண்டுப் பணிக்காலம் முடிந்து விடுப்பு நாட்கள் கூடும்போது 44.26-ஐ மாற்ற மறப்பது. தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைத் தொகை; ஆயிரக்கணக்கான ஊழியருக்குப் பல ஆண்டு சேர்ந்தால் சங்கம் வழக்குப் போடும் அளவுக்கு வளரும்.

முதலாளி கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலுக்கு முன் 9,100 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 13.8 சதவீதம். பிறகு 5,000-க்கு மேற்பட்டதற்கு 15 சதவீதம். மேற்சொன்ன 11,198 பவுண்டு சம்பளத்துக்கு, பழைய விதிப்படி சுமார் 290 பவுண்டு. புதிய விதிப்படி 930. சம்பளம் ஒரு பென்னிகூடக் கூடாமலே ஊழியருக்கான செலவு 640 பவுண்டு உயர்ந்துவிட்டது. பகுதி நேரப் பெண்கள் நிறைந்த பள்ளிச் சமையலறைதான் இந்த மாற்றத்தில் அதிகம் அடிவாங்கியது. அரசு ஒரு மானியம் கொடுத்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் அது சரியாக ஈடுகட்டியது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: 2026 ஏப்ரலில் நாட்டின் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு என்று ஆனது. 12.65 அதற்குக் கீழே. ஆகவே கடைசிப் படியையே அட்டவணையிலிருந்து நீக்கினார்கள். இப்படி ஒவ்வொரு முறை அடிப்படி காணாமல் போகும்போதும், உதவியாளருக்கும் அவரை மேற்பார்க்கும் தலைமைச் சமையற்காரருக்கும் இடையிலான சம்பள வித்தியாசம் சுருங்குகிறது. பொறுப்புக்கு மதிப்பில்லையா என்ற கேள்வி எழுகிறது.

குப்பை லாரியோடு ஒப்பீடு

இனிதான் பர்மிங்காமின் கதை. 1970-இல் இயற்றி 1975 கடைசியில் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் சம ஊதியச் சட்டம், இப்போது 2010-இன் சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்தால் ஒரே சம்பளம் என்பதோடு அது நிற்கவில்லை. வேலை வேறாக இருந்தாலும் *மதிப்பு சமமாக* இருந்தால் ஊதியமும் சமமாக இருக்கவேண்டும். மதிப்பை அளக்க 'பணி மதிப்பீடு' செய்கிறார்கள். பல கவுன்சில்கள் பயன்படுத்தும் திட்டத்தில் 13 அம்சங்கள்: அறிவு, மனத்திறன், உடல் உழைப்பு, மன அழுத்தம், பிறர் மீதான பொறுப்பு, பணிச்சூழல் என்று. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கூட்டுத்தொகை எந்த வரம்பில் விழுகிறதோ அதுவே ஊதிய நிலை.

அடிப்படைச் சம்பளத்தில் பெரும்பாலும் தகராறு வரவில்லை. ஒரே ஊதிய நிலையில்தான் குப்பை அள்ளுபவரும் சமையற்காரரும் இருந்தார்கள். வித்தியாசம் மேலே கூட்டிய சலுகைகளில். ஆண்கள் நிறைந்த பிரிவுகளில் ஊக்கத்தொகை, வருகைக்குப் போனஸ் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். பெண்கள் நிறைந்த பிரிவுகளில் அது இல்லை. இன்னொரு சலுகை கண்ணுக்கே தெரியாது: 'வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்' என்ற ஏற்பாடு. எட்டு மணி நேரச் சம்பளம் மணிக்கு 12.65 வீதம் 101.20 பவுண்டு. குப்பை அள்ளுபவர் ஆறு மணி நேரத்தில் சுற்று முடித்துவிட்டுப் போனால் மணிக்கு 16.87 ஆகிறது. மூன்று மணி நேரம் வகுப்பறைகளைப் பெருக்கித் துடைக்கும் பெண், இரண்டரை மணியில் முடித்தாலும் அடுத்த அறையைப் பார் என்பார்கள். சம்பளச் சீட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த வித்தியாசம் அதில் தெரியாது. மேற்பார்வையாளரின் வருகைப் பதிவேட்டில்தான் தெரியும்.

பள்ளியில் வேலை செய்பவர் குப்பைக் கிடங்கில் வேலை செய்பவரோடு தன்னை ஒப்பிடலாமா? இருவரும் ஒருநாளும் ஒரே இடத்தில் வேலை செய்யப்போவதில்லையே என்று ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் அண்ட் காலவே கவுன்சில் வாதாடியது. வகுப்பறை உதவியாளர்கள், மழலையர் பள்ளிப் பராமரிப்பாளர்கள் என்று 251 பேர் தொடுத்த வழக்கில், 2013-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒப்பிடலாம் என்றது. முதலாளி ஒருவரே, ஒருவேளை அந்த ஆண் ஊழியரைப் பள்ளிக்கு மாற்றினாலும் அவருடைய சம்பள விதிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும் என்பது தர்க்கம்.

பர்மிங்காமுக்கான இடி அதற்கு முந்தைய ஆண்டே விழுந்திருந்தது. வேலையை விட்டு ஆறு மாதத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. அதைத் தவறவிட்ட 174 முன்னாள் ஊழியர்கள், சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே அவகாசம் ஆறு ஆண்டு. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர்களை அனுமதித்தது. கதவு திறந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பர்மிங்காம் சுமார் 110 கோடி பவுண்டு கொடுத்தது. அதற்காக 2015-இல் தேசியக் கண்காட்சி மைய நிறுவனத்தை 30.7 கோடி பவுண்டுக்கு விற்றார்கள்.

அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பாக்கியைக் கொடுப்பது ஒரு வேலை. பாக்கி உண்டாகும் காரணத்தை நிறுத்துவது வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால், கொடுத்து முடித்த மறுநாளே புதிய பாக்கி ஏறத் தொடங்கும். 2017-இல் குப்பைப் பிரிவில் வேலைநிறுத்தம் நடந்தது. அதை முடிக்கச் சில ஊழியர்களுக்கு ஒரு புதிய பதவியை உருவாக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பதவிக்கு ஈடாக மற்ற பிரிவுகளில் என்ன இருக்கிறது என்ற கேள்வி உடனே எழுந்தது. 2023 ஜூனில் கவுன்சில் புதிய மதிப்பீட்டை வெளியிட்டது: சம ஊதியப் பாக்கி 65 முதல் 76 கோடி பவுண்டு, மாதந்தோறும் 50 லட்சம் முதல் 1.4 கோடி வரை கூடிக்கொண்டிருக்கிறது. இந்த எண் மிகையானது என்ற வாதம் பிற்பாடு வலுவாக எழுந்தது. ஆனால் நிதி அதிகாரி அன்று கையில் இருந்த எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். வரியை ஒரு சதவீதம் கூட்டினால் 40 லட்சம் என்று பார்த்தோம். ஒரே மாதத்தில் ஏறும் பாக்கி அதைவிட அதிகம்.

செப்டம்பரில் வந்த அறிவிப்பின் பெயர் 'பிரிவு 114'. 1988-இன் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் அந்த எண் வருவதால் அப்படி. தலைமை நிதி அதிகாரி இதை வெளியிட்டால், சட்டப்படி செய்தே தீரவேண்டிய சேவை தவிரப் புதிய செலவு எதையும் தொட முடியாது. 21 நாளுக்குள் மன்றம் கூடி விவாதிக்க வேண்டும். பத்திரிகைகள் 'திவால்' என்று எழுதின. அது சரியல்ல. கவுன்சில்கள் நிறுவனங்களைப் போலத் திவாலாக முடியாது. சம்பளமும் ஓய்வூதியமும் போய்க்கொண்டேதான் இருந்தன. அக்டோபரில் மத்திய அரசு, வழக்கத்துக்கு மாறாக, மேக்ஸ் கேலர் தலைமையில் ஆணையர்களை அனுப்பியது. பிறகு 125.5 கோடி பவுண்டு அளவுக்கு 'விதிவிலக்கு நிதி உதவி' கிடைத்தது. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், இது நன்கொடை அல்ல. சொத்தை விற்று வரும் பணத்தை அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைத் தளர்த்தி, கடன் வாங்கவும் நிலம், கட்டடங்களை விற்கவும் கொடுத்த அனுமதி.

பட்ஜெட் கூட்டம்

டிசம்பரில் மத்திய அரசின் மானியத் தொகை தெரியவரும். ஜனவரிக்குள் வரி கட்டும் வீடுகளின் எண்ணிக்கையை உறுதி செய்கிறார்கள். பிப்ரவரி முடிவிலோ மார்ச் தொடக்கத்திலோ முழு மன்றம் கூடும். மார்ச் 11-க்குள் வரியை நிர்ணயித்தாக வேண்டும். வரவும் செலவும் சமமாக இருக்கவேண்டும். பற்றாக்குறை பட்ஜெட் போட கவுன்சிலுக்குச் சட்டம் இடம் தரவில்லை.

அன்றைய கூட்டத்துக்கென்று சில விதிகள். கவுன்சில் வரியை இரண்டு மாதம் பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் அதை எழுந்து சொல்லிவிட்டு, வாக்களிக்காமல் இருக்க வேண்டும், மீறினால் குற்றம். 2014 முதல் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாக வேண்டும். எதிர்க்கட்சி திருத்தம் கொண்டுவந்தால், நூலகத்தை மூடாதே என்றால் மட்டும் போதாது. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை நிதி அதிகாரி முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான திருத்தங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

2024 மார்ச்சில் பர்மிங்காம் மன்றம் இப்படித்தான் 9.99 சதவீத வரி உயர்வையும், இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 கோடி பவுண்டு வெட்டையும் நிறைவேற்றியது. கலை அமைப்புகளுக்கான மானியம் சுழியம் நோக்கிப் போனது. நூலகமும் இளைஞர் சேவையும் சுருங்கின. அடுத்த ஆண்டு மேலும் 7.49 சதவீதம். இரண்டு உயர்வுக்கும் அரசின் தனி அனுமதி இருந்தது, பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை. அன்றைய வாதங்களைப் படித்தால் எந்தக் கட்சி கெடுத்தது என்பதில்தான் பாதி நேரம் போயிருக்கிறது. பெரிய தொகைகள் எல்லாம் ஏற்கெனவே கட்டுண்டு கிடந்தன.

2024 டிசம்பரில் யூனிசன், ஜி.எம்.பி. என்ற இரு சங்கங்களோடு சம ஊதிய உடன்பாட்டை அறிவித்தார்கள். காரணத்தை நிறுத்தும் வேலையும் தொடங்கியது: 2017-இல் உண்டாக்கிய அந்தக் குப்பைப் பிரிவுப் பதவியை ஒழித்தார்கள். சிலருக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு குறையும் என்றது யுனைட் சங்கம். அவ்வளவு இல்லை என்றது கவுன்சில். 2025 மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம். மாத முடிவில் சுமார் 17,000 டன் குப்பை தெருவில். சம ஊதியத்துக்கு இரண்டு வழிகள்தான்: குறைந்தவரை ஏற்றுவது அல்லது கூடியவரை இறக்குவது. முதலாவதற்குப் பணம் இல்லை. இரண்டாவதைத் தேர்ந்தால் இழப்பு, குறைந்த சம்பளக்காரரான இன்னொரு தொழிலாளியின் தலையில். இதில் எந்தப் பக்கத்தையும் எளிதாகக் குறை சொல்ல முடியவில்லை. பதவியை 2017-இல் அவசரமாக உருவாக்கியவர்களைத் தவிர.

எதைத் தேடிப் படிப்பது

ஒரு கவுன்சிலின் பட்ஜெட் ஆவணம் பல நூறு பக்கம் இருக்கும். தலைவரின் முன்னுரையை விட்டுவிடலாம். முதலில் 'பிரிவு 25 அறிக்கை' என்று இருப்பதைத் தேடுங்கள். மதிப்பீடுகள் நம்பத்தக்கவையா, சேமிப்பு போதுமா என்று நிதி அதிகாரி தன் பெயரில் எழுதும் கருத்து அது. அரசியல்வாதிகள் அதைத் திருத்த முடியாது. சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் பயம் வரிகளுக்கிடையே தெரியும்.

அடுத்தது ஊதிய உயர்வுக்கு எத்தனை சதவீதம் ஊகித்திருக்கிறார்கள் என்ற வரி. அதற்குப் பக்கத்தில் அதே ஆண்டின் பணவீக்கத்தையும் குறைந்தபட்சக் கூலி உயர்வையும் எழுதிப் பாருங்கள். ஊகம் இரண்டையும் விடக் குறைவு என்றால், இலையுதிர் காலத்தில் இன்னொரு செலவு வெட்டு வரும்.

கடைசியாக ஆண்டுக் கணக்கு அறிக்கை. வழக்குகளால் வரக்கூடிய செலவு அதில் இரண்டு இடத்தில் இருக்கலாம். கொடுக்க வேண்டிவரும் வாய்ப்பே அதிகம், தொகையையும் கணக்கிட முடியும் என்றால் 'ஒதுக்கீடு' என்று எண்ணாகப் பதிய வேண்டும். அது இருப்புநிலையைப் பாதிக்கும். அவ்வளவு உறுதி இல்லை என்றால் 'நிகழக்கூடிய பொறுப்பு' என்று பின்பக்கக் குறிப்பாக மட்டும் வரும். பட்ஜெட்டில் ஒரு பவுண்டும் ஒதுக்கத் தேவையில்லை. ஒரு பாக்கி குறிப்பிலிருந்து ஒதுக்கீட்டுக்கு எந்த ஆண்டில் நகர்கிறது என்று பாருங்கள். சமையற்காரர்களின் வழக்கறிஞர்களும் தணிக்கையாளர்களும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.